கண் இல்லாமல் கடலுக்குப் போன கப்பல்

நுவரெலியா நகரில் எந்தப் பக்கம் நின்று நிமிர்ந்தாலும் பிதுருதலாகலை கண்ணில் படும். உயரம் 2,524 மீட்டர். இலங்கையில் இதைவிட உயர்ந்த மலை இல்லை. உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரங்களும் ராடாரும் இருப்பதால் அது பாதுகாப்பு வலயம். கொழுந்து எடுக்கிற மலைகளுக்கு நடுவே, எந்தக் கடற்கரையிலிருந்து பார்த்தாலும் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உள்ளே தள்ளி நிற்கும் ஒரு மலையில் ராடாருக்கு என்ன வேலை? விடை பூமியின் வடிவத்தில் இருக்கிறது.

பூமி உருண்டை என்பதால், கரையில் நிற்பவருக்குக் கடல் சில கிலோமீட்டரிலேயே வளைந்து கீழே இறங்கிவிடுகிறது. ஏற ஏற அந்த விளிம்பு தள்ளிப்போகும். கணக்கும் எளிது. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால் கண்ணுக்கு எட்டும் தூரம் கிலோமீட்டரில் வரும். ராடார் அலைகள் காற்று மண்டலத்தில் லேசாக வளைந்து பூமியை ஒட்டியே போவதால் அவற்றுக்கு 4.12 என்று வைத்துக்கொள்ள வேண்டும். பிதுருதலாகலைக்கு இதைப் போட்டுப் பார்த்தால் 207 கிலோமீட்டர் வருகிறது. அங்கிருந்து மட்டக்களப்புக் கரை நேர்கோட்டில் 130 கிலோமீட்டர் அளவுதான். இடையில் வேறு மலை மறிக்காத வரை, மட்டக்களப்புக் கடலில் ஓடும் கப்பல் இந்த உச்சிக்குத் தப்பி ஒளிய முடியாது.

அதே ராடாரை ஒரு கப்பலில், கடல் மட்டத்திலிருந்து 30 மீட்டர் உயரத்தில் பொருத்துங்கள். அதன் உலகம் 23 கிலோமீட்டரோடு முடிந்துவிடும். மலையில் இருப்பவனுக்கு 207, கப்பலில் இருப்பவனுக்கு 23. இந்த வித்தியாசத்தை ஈடுகட்டத்தான் கடற்படைகள் நூறு ஆண்டுகளாகக் கோடி கோடியாய்க் கொட்டுகின்றன. அதை ஈடுகட்டாமல் கடலுக்குப் போன ஒரு கப்பல், நம் கிழக்குக் கரைக்கு அப்பால் கடலடியில் கிடக்கிறது.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ஜாவாவும் ஜப்பானியர் கையில் விழுந்தன. மலாயாவின் இறப்பரும் ஜாவா, சுமாத்திராவின் தேயிலையும் ஒன்றன்பின் ஒன்றாக நேச நாடுகளுக்கு இல்லாமற் போயின. பிரித்தானியாவில் 1940 ஜூலையிலிருந்தே தேயிலை பங்கீட்டில்தான் கிடைத்தது. ஆளுக்கு வாரத்துக்கு 2 அவுன்ஸ். அந்த 2 அவுன்சின் பெரும்பங்குக்கு இனி இந்தியாவையும் இலங்கையையும் விட்டால் வேறு கதியில்லை. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் கொழுந்து கிள்ளிய பெண்களுக்கு இந்தக் கணக்கை யாரும் எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் கைகள் ஓர் உலகப் போரின் வழங்கல் பாதையில்தான் இயங்கிக்கொண்டிருந்தன.

அந்த ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. அக்காகி, சோர்யு, ஹிர்யு, ஷோகாகு, சுய்காகு என்ற ஐந்து விமானந்தாங்கிகளிலிருந்து கிளம்பிய ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. கோர்ன்வால், டோர்செட்ஷயர் என்ற இரு பிரித்தானியப் போர்க்கப்பல்கள் அன்று பிற்பகல் தெற்கே கடலில் மூழ்கின. நானூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கொழும்புக் குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு மலையேறின. புனித தோமையார் கல்லூரியின் ஒரு பிரிவு அதே ஆண்டில் வெலிமடைப் பக்கம் குருத்தலாவையில் தொடங்கியது. தியத்தலாவையில் பிரித்தானியக் கடற்படைக்கு ஓர் ஓய்வு முகாம் இருந்தது. அதன் பெயர் ‘எச்.எம்.எஸ். ஊவா’. தரையில் இருக்கும் முகாமுக்கும் கப்பலுக்கு வைப்பதுபோலவே பெயர் வைப்பது அவர்களது பழைய மரபு. கடலே தெரியாத மலையில், பைன் மரக் காற்றில், காகிதத்தில் மட்டும் ஒரு கப்பல் நின்றது.

நிஜக் கப்பலுக்கு வருவோம். எச்.எம்.எஸ். ஹெர்மிஸ், விமானந்தாங்கியாகவே வரையப்பட்டு, அதற்காகவே கட்டத் தொடங்கப்பட்ட உலகின் முதல் கப்பல். 1918இல் வேலை தொடங்கியது, 1919இல் நீரில் இறங்கியது, சேவைக்கு வர 1924 ஆகிவிட்டது. அதற்குள் ஜப்பானின் ஹோஷோ முந்திக்கொண்டது. 182 மீட்டர் நீளம், மணிக்கு 25 கடல்மைல் வேகம், இருபது விமானங்களுக்கு இடம். ஏப்ரல் 8ஆம் திகதி ஜப்பானியக் கப்பல்கள் மறுபடி நெருங்குவதாகச் செய்தி வந்ததும், துறைமுகத்தில் அகப்பட்டுக்கொள்ளக் கூடாதென்று ஹெர்மிஸ் அன்றிரவே திருகோணமலையை விட்டுத் தெற்கே கிளம்பியது. விமானங்கள் கரையில் நின்றுவிட்டன. விமானந்தாங்கியில் ஒரு விமானமும் இல்லை.

மறுநாள் காலை, ஹருணா என்ற ஜப்பானியப் போர்க்கப்பலிலிருந்து வந்த ஒற்றை மிதவை விமானம் அதைக் கண்டுவிட்டது. சுமார் பத்தரை மணிக்குக் குண்டுவீச்சு விமானங்கள் எண்பதுக்கு மேல் வந்து கவிந்தன. ஹெர்மிஸ் மீது ஏறத்தாழ நாற்பது குண்டுகள் விழுந்தன. இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. கப்டன் ரிச்சர்ட் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தார்கள். துணைக்கு வந்த ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயரும் மூழ்கியது. ரத்மலானையிலிருந்து உதவிக்குக் கிளம்பிய ஃபுல்மார் விமானங்கள் வந்து சேர்ந்தபோது கடல் மேல் கப்பல் இல்லை. அருகில் இருந்த வீட்டா என்ற மருத்துவக் கப்பல் அறுநூறு பேர் அளவில் நீரிலிருந்து தூக்கிக் காப்பாற்றியது. ஹெர்மிஸ் இன்றும் மட்டக்களப்புக்கு அப்பால் ஐம்பது மீட்டருக்குச் சற்று அதிகமான ஆழத்தில் கிடக்கிறது.

ஹெர்மிஸில் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் இருந்தன. கடைசி வரை சுட்டார்கள். ஆனால் பீரங்கி என்பது எதிரி தலைக்கு மேல் வந்த பிறகு பயன்படுவது. எதிரி எங்கே என்று தேடிப் பறக்கவும், நூறு கிலோமீட்டருக்கு அப்பாலேயே மறிக்கவும் விமானங்கள்தான் வேண்டும். விமானந்தாங்கியின் முதல் கவசம் அதன் விமானங்கள். முதல் ஆயுதம் அவை தருகிற பார்வை.

இந்தப் பாடத்துக்கு 307 உயிர் போதும் என்றுதான் நினைப்போம். நாற்பது ஆண்டு கழித்து, அதே பெயருள்ள இன்னொரு கப்பல், அதே குறையோடு போருக்குப் போனது. 1982 ஃபாக்லாந்துப் போரில் பிரித்தானியப் படையின் தலைமைக் கப்பல் இரண்டாவது ஹெர்மிஸ். அதில் சண்டை விமானங்கள் இருந்தன. உயரத்தில் ராடாரைச் சுமந்து பறக்கும் விமானம் மட்டும் இல்லை. அவ்வகை விமானங்களைச் சுமந்த பழைய பெரிய விமானந்தாங்கிகளைச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் செலவு கருதி ஓய்வு கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ஆகவே ஷெஃபீல்ட் என்ற நாசகாரிக் கப்பலை முன்னே நிறுத்திக் கண்ணாகப் பயன்படுத்தினார்கள். மே 4ஆம் திகதி, அலையை ஒட்டிப் பறந்து வந்த ஆர்ஜென்டீன விமானம் ஏவிய எக்ஸோசெட் ஏவுகணை ஷெஃபீல்டைத் துளைத்தது; இருபது பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அவசர அவசரமாக இரண்டு சீ கிங் ஹெலிகாப்டர்களின் பக்கவாட்டில் ராடாரைத் தொங்கவிட்டார்கள். பதினொரு வாரத்தில் வேலை முடிந்தது. போர் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. அந்த இரண்டாவது ஹெர்மிஸை இந்தியா வாங்கி, 1987இல் ஐ.என்.எஸ். விராட் என்று பெயரிட்டு, 2017 வரை ஓட்டியது.

இந்தியாவின் இன்றைய விமானந்தாங்கிகளில் ஒன்றான ஐ.என்.எஸ். விக்ராந்த், கொச்சியில் கட்டப்பட்டு 2022 செப்டெம்பர் 2ஆம் திகதி சேவைக்கு வந்த கப்பல். 262 மீட்டர் நீளம், 62 மீட்டர் அகலம், பதினான்கு தளங்கள், 2,300 அறைகள், ஏறத்தாழ 1,600 பேர். இதன் கண், காமொவ்-31 என்ற ஹெலிகாப்டர். பறக்கத் தொடங்கியதும் வயிற்றுக்கடியில் மடித்து வைத்திருக்கும் ஆறு மீட்டர் அகல ராடார் பலகையைக் கீழே விரித்துச் சுழற்றும். 3,000 மீட்டருக்கு ஏறினால் பிதுருதலாகலை உச்சியைவிட உயரம். நம் மலையில் நிலையாக இருக்கிற பார்வையை அது கடல் நடுவே, வேண்டிய இடத்தில் உண்டாக்குகிறது.

எண்ணிலேயே பார்த்துவிடலாம். கடலுக்கு 5 மீட்டர் மேலே, விநாடிக்கு 300 மீட்டர் வேகத்தில் ஓர் ஏவுகணை வருகிறது. கப்பலின் 30 மீட்டர் உயர ராடாருக்கு அது 32 கிலோமீட்டரில் விளிம்புக்கு மேல் தலைகாட்டும். மோதுவதற்கு 107 விநாடி. 3,000 மீட்டரில் பறக்கும் ராடாருக்கு அந்த விளிம்பு 235 கிலோமீட்டரில் இருக்கிறது, 13 நிமிடம். சிறிய இலக்கை அவ்வளவு தூரத்தில் பிரித்தறிய ராடாருக்கு வலுவும் வேண்டும் என்பதால் நடைமுறையில் நேரம் குறையும். இருந்தாலும் ஒன்றரை நிமிடத்துக்கும் பல நிமிடங்களுக்கும் உள்ள தூரம், சண்டை விமானத்தைத் திருப்பிவிட முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானித்துவிடும்.

அதற்குப் பிறகுதான் மற்ற அரண்கள். விமானங்கள் தவறவிட்டதைத் துணைக்கப்பல்களின் ஏவுகணைகள் மறிக்கும். அவற்றையும் தாண்டினால் தன் சொந்த ஏவுகணை. அதையும் தாண்டினால் ஏகே-630 போன்ற ஆறு குழல் துப்பாக்கி, நிமிடத்துக்கு ஏறத்தாழ ஐயாயிரம் குண்டுகள். அது சுடத் தொடங்கும்போது ஏவுகணை இரண்டு கிலோமீட்டர் அளவில் இருந்தால் மிச்சம் ஏழு விநாடி கூட இல்லை. ஆகவே மனிதக் கையை அங்கே நம்ப முடியாது. ராடாரே குறிபார்த்துச் சுடும்.

துப்பாக்கியைவிட எனக்கு வியப்பானது, உலோகப் பூச்சுள்ள நுண்ணிழைகளைத் தூவி ஏவுகணையை ஏமாற்றுகிற வித்தை. ராடார் அலையின் நீளத்தில் பாதி அளவுக்கு வெட்டிய இழை, அந்த அலையோடு ஒத்ததிர்ந்து பலமாக எதிரொலிக்கும். மூன்று சென்டிமீட்டர் அலை என்றால் ஒன்றரை சென்டிமீட்டர் இழை. இப்படி இலட்சக்கணக்கில் காற்றில் மிதந்தால், ஏவுகணையின் ராடாருக்கு அந்த மேகம்தான் பெரிய கப்பலாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் இசைக்கவை வைத்துச் சொல்லித்தருகிற ஒத்ததிர்வு, இங்கே ஆயிரத்து அறுநூறு பேரின் உயிரைத் தாங்குகிறது.

எல்லா அரணும் தோற்று, அடி உள்ளே விழுந்துவிட்டால்? அதற்கான பாதுகாப்பு கட்டிலிலும் கதவிலும் இருக்கிறது. போர்க்கப்பலின் தளபாடங்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் வசதி, இடநெருக்கடி என்று நிறுத்திக்கொள்கிறார்கள். அங்கே இருக்கிற ஒவ்வொரு பொருளும் ஏதோ ஒரு பழைய தீயிலிருந்து கற்றுக்கொண்டு உள்ளே வந்தது, அல்லது வெளியே போனது.

மாலுமிகள் படுப்பது அடுக்குக் கட்டிலில். மெத்தை எளிதில் தீப்பிடிக்காத வகை. அலமாரி, மேசை, நாற்காலி எல்லாம் உலோகம்; பெரும்பாலானவை தரையோடு முடுக்கப்பட்டவை. 1942 ஓகஸ்டில் சாவோ தீவுக்கருகே அமெரிக்கக் கப்பல்கள் எரிந்தபோது மரத் தளபாடமும் தரைவிரிப்பும் சுவரில் அடுக்கடுக்காய்ப் பூசிய சாயமுமே தீக்கு இரையாகி அதை வளர்த்தன. அதன் பிறகு கடற்படையினர் கப்பல் கப்பலாகச் சாயத்தைச் சுரண்டி, மரச் சாமான்களைக் கழற்றி வெளியே எறிந்தார்கள்.

இரவில் தளத்துக்குப் போகும் வழிகளில் சிவப்பு விளக்கு எரியும். விழித்திரையில் மங்கல் ஒளியைப் பார்க்கிற கோல் செல்கள் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். ஒரு நொடி வெள்ளை விளக்கு பட்டாலும் பழக்கம் கலைந்துவிடும். நீண்ட அலைநீளமுள்ள சிவப்பு அந்தச் செல்களை அவ்வளவாகத் தொடாது. சிவப்பு விளக்கில் சாப்பிட்டுவிட்டு வருகிறவன், இருட்டுத் தளத்தில் கால் வைத்ததும் பார்க்க முடியும்.

நீர்புகாக் கதவு ஒன்றின் பக்கத்தில் சற்று நிற்போம். இரும்புச் சுவரில் முழங்கால் அளவு வாசற்படிக்கு மேலே, மூலைகள் வளைந்த ஒரு திறப்பு. மூலை வளைந்திருப்பது அழகுக்காக இல்லை. கூர்மூலையில் தகைப்பு குவிந்து இரும்பு அங்கிருந்தே விரிசல் விடும் என்பதால். சட்டத்தைச் சுற்றி மெல்லிய விளிம்பு. கதவில் அதற்கு எதிரே ரப்பர் பட்டை. சுற்றிவரக் கொண்டிகள். கதவு சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். விளிம்பில் சோக்கைத் தேய்த்து, கதவைச் சாத்தி, கொண்டிகளை இறுக்கித் திறக்க வேண்டும். ரப்பரில் வெள்ளைக் கோடு முழுச் சுற்றும் அறுபடாமல் விழுந்திருந்தால் நல்ல கதவு. எங்காவது விட்டுப்போயிருந்தால், அங்கேதான் தண்ணீரும் புகையும் நுழையும். கதவுகளில் எழுத்தும் உண்டு: எக்ஸ் என்றால் வேலைக்குத் திறந்தாலும் உடனே மூட வேண்டியது, ஒய் என்றால் கடலில் இருக்கையில் மூடியிருக்க வேண்டியது, இசட் என்றால் போர் நிலையில் மூட வேண்டியது. 2,300 அறை என்று பெருமையாகச் சொல்லப்படுவதன் உண்மைப் பொருள், ஓர் இடத்தில் நேர்ந்தது 2,299 இடங்களுக்குப் போகாமல் தடுக்க முடியும் என்பதே.

இதை எழுதும்போது நம் லயங்கள் நினைவுக்கு வராமல் இருக்க முடியவில்லை. ஒரே கூரையின் கீழ் பத்து, இருபது காம்பரா. பழைய லயங்கள் பலவற்றில் வீட்டுக்கு வீடு தடுப்புச் சுவர் கூரைவரை போவதில்லை. தகரத்துக்குக் கீழே, மரச் சட்டங்களுக்கு நடுவே, முழு வரிசைக்கும் ஒரே வெற்றிடம். ஒரு வீட்டு அடுப்பிலோ மின்கசிவிலோ பிடித்த தீ மேலே ஏறி அந்த வெற்றிடத்தைப் பிடித்துக்கொண்டால், கடைசி வீடுவரை ஓடுவதற்கு எதிரே ஒன்றும் இல்லை. மலையகத்தில் லயத் தீ என்றால் ஒரு வீடு எரிந்தது என்று செய்தி வருவது அபூர்வம். வரிசையே எரிந்தது என்றுதான் வரும். சட்டையும் பிறப்புச் சான்றிதழும் பிள்ளைகளின் புத்தகமும் ஒரே இரவில் போய்விடும். கூரைவரை எழும்பிய ஒரு கல் சுவர் செய்திருக்கக்கூடிய காரியம் இது. போர்க்கப்பலில் வைத்த அறிவு புதிதல்ல, இரகசியமும் அல்ல. மனிதரை அடுக்கி வைக்கும் இடங்களில் அதை யாருக்காகச் செலவழிக்கிறோம் என்பது மட்டும்தான் மாறுகிறது. தனித்தனி நிலத்துண்டுகளில் எழும் புதிய வீடுகளை நான் ஒரு தீயணைப்பு ஏற்பாடாகவும் பார்க்கிறேன்.

சுவர் இருந்தும் தோற்ற கப்பல்களும் உண்டு. கொழும்பைத் தாக்கிய அக்காகி, இரண்டு மாதம் கழித்து, 1942 ஜூன் 4ஆம் திகதி மிட்வே போரில் அடிபட்டு, மறுநாள் மூழ்கியது. ஹெர்மிஸுக்கு நாற்பது குண்டு; அக்காகி மீது நேராக விழுந்தது ஒன்றே ஒன்று. அது விழுந்த வேளையில் மூடிய விமானக் கொட்டகைக்குள் எரிபொருள் நிரப்பிய விமானங்களும், கழற்றி இன்னும் அடியில் இறக்கப்படாத குண்டுகளும் கிடந்தன. தீயை வளர்த்தது எதிரியின் வெடிமருந்தைவிட அக்கப்பலின் சொந்தச் சரக்கு. 1944இல் ஜப்பானின் புத்தம் புதிய டைஹோவுக்கு நேர்ந்தது இதைவிடக் கொடுமை. ஒரே ஒரு டார்பிடோ பட்டு எரிபொருள் தொட்டி கசிந்தது; கப்பல் தொடர்ந்து ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆவியை வெளியேற்றலாம் என்று காற்றோட்ட வழிகளைத் திறந்துவிட்டார்கள். அந்த வழிகளே ஆவியைக் கப்பல் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தன. ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்து ஒரு பொறி.

அக்காலத்து விமானப் பெற்றோல் உறைகுளிரிலும் தீப்பிடிக்கும் ஆவியை விடும். இன்று விமானந்தாங்கிகளுக்கென்றே உண்டாக்கிய எரிபொருள் 60 பாகை செல்சியசுக்குக் குறைவாக அப்படி ஆவி விடக் கூடாது என்பது விதி. விமான நிலையங்களில் நிரப்புகிற சாதாரண ஜெட் எரிபொருளுக்கு 38 போதும். அந்த 22 பாகைக்குப் பின்னால் எத்தனை பேர் எரிந்தார்கள் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

எரிபொருளை மாற்றினாலும் மனிதரைப் பழக்காவிட்டால் பயனில்லை. 1967 ஜூலை 29ஆம் திகதி அமெரிக்காவின் ஃபாரஸ்டல் கப்பலில், மின் கோளாறால் தானாகச் சீறிய ராக்கெட் ஒன்று எதிரே நின்ற விமானத்தின் எரிபொருள் தொட்டியைக் கிழித்தது. தீயில் கிடந்த பழைய குண்டுகள் ஒன்றரை நிமிட அளவில் வெடிக்கத் தொடங்கின. பயிற்சி பெற்ற தீயணைப்புக் குழு முதல் வெடிப்பிலேயே ஏறத்தாழ முழுதாக அழிந்தது. பிறகு வந்தவர்கள் துணிச்சலோடு வந்தார்கள், முறை தெரியாமல் வந்தார்கள். ஒருவர் நுரை தெளித்த இடத்தில் இன்னொருவர் தண்ணீர் அடித்து நுரையைக் கழுவிவிட்டார். 134 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு, சமையற்காரர் முதல் எழுதுவினைஞர் வரை கப்பலில் ஏறும் எல்லோருக்கும் தீயணைக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது கட்டாயமானது.

கப்பல் மரபுகளை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் அவை வேறு விதமாகத் தெரிகின்றன. விக்ராந்த் 2013 ஓகஸ்டில் நீரில் இறங்கியபோது இந்தியக் கடற்படை வழக்கப்படி ஒரு பெண்மணி இறக்கி வைத்தார். தேங்காய் உடைத்துக் கப்பலை அனுப்புவதும் அங்கே வழக்கம். கப்பலில் ஏறுகிறவர் பின்தளத்தை நோக்கி வணக்கம் வைப்பதும், தளபதி வரும்போது சீழ்க்கை ஊதுவதும் மனதுக்கும் மரியாதைக்கும் ஆனவை. அந்தச் சீழ்க்கைகூட ஒரு காலத்தில் வேலைக் கருவி. காற்றின் இரைச்சலும் அலையின் இரைச்சலும் தாழ்ந்த சுரங்கள். உச்சத் தொனி அவற்றைக் கிழித்துக்கொண்டு காதுக்கு வரும்.

இன்னொரு வகை மரபு, ஆபத்தைத் தடுப்பதற்கென்றே பழக்கமாக்கப்பட்டது. பறப்பு தொடங்குமுன் அதிகாரி, மாலுமி என்ற பேதமில்லாமல் தளத்தின் அகலத்துக்கு வரிசையாக நின்று, குனிந்த தலையோடு மெல்ல நடப்பார்கள். ஒரு திருகாணி, ஒரு கம்பித் துண்டு, ஒரு சிறு கல் கிடந்தாலும் பொறுக்கிக்கொள்வார்கள். ஜெட் எஞ்சின் அதை உறிஞ்சினால் அதன் தகடுகள் நொறுங்கும். தளத்தில் வேலை செய்பவர்களின் சட்டை நிறமும் அப்படித்தான். அமெரிக்க வழக்கில் மஞ்சள் விமானங்களை நகர்த்தச் சொல்பவர், ஊதா எரிபொருள் நிரப்புபவர், சிவப்பு ஆயுதமும் தீயணைப்பும், வெள்ளை பாதுகாப்பும் மருத்துவமும். எஞ்சின் சத்தத்தில் குரல் எடுபடாத இடத்தில், யாரிடம் சைகை காட்ட வேண்டும் என்பதை நிறம் சொல்லிவிடும். மணிக்கு 240 கிலோமீட்டரில் வரும் விமானம் தளத்துக் கம்பியில் கொக்கியை மாட்டி, தொண்ணூறு மீட்டருக்குள், மூன்று விநாடிக்கும் குறைவாக நிற்கிற இடம் அது. விமானிமீது புவியீர்ப்பைப் போல் இரண்டரை மடங்கு விசை முன்னோக்கித் தள்ளும். அங்கே ஒருவர் தவறான இடத்தில் நிற்பதற்கு மன்னிப்பு கிடையாது.

2025 நவம்பர் கடைசியில், இலங்கைக் கடற்படையின் 75ஆம் ஆண்டையொட்டிய சர்வதேசக் கடற்படை நிகழ்வுக்காக விக்ராந்த் கொழும்புக்கு வந்திருந்தது. அதே நாட்களில்தான் டிட்வா புயல் வந்தது. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்தன; வீதிகள் அறுந்தன; தோட்டங்கள் ஒன்றுக்கொன்று தீவாயின. விக்ராந்தின் கையிருப்பிலிருந்து உணவுப் பொருட்கள் கரைக்கு இறக்கிக் கொடுக்கப்பட்டன. அதன் சேத்தக் ஹெலிகாப்டர்கள் மீட்புப் பணிக்குப் பறந்தன. இந்திய விமானப்படையின் எம்.ஐ.-17 ஹெலிகாப்டர்கள் கொத்மலைப் பக்கம் அகப்பட்டவர்களைத் தூக்கி வந்தன.

போருக்கென்று கட்டிய கப்பல் பேரிடரில் உதவுவது அபூர்வமல்ல. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு ஆச்சே கரைக்கு அப்பால் நின்ற அமெரிக்க விமானந்தாங்கி ஆபிரகாம் லிங்கனின் ஹெலிகாப்டர்கள்தான் வீதியற்ற ஊர்களுக்கு அரிசியும் தண்ணீரும் கொண்டுபோயின. மின்சாரம், குடிநீர், சமையல், மருத்துவம் எல்லாவற்றையும் தானே உண்டாக்கிக்கொள்கிற இடம் அது. விக்ராந்தில் 16 படுக்கை மருத்துவமனை, இரண்டு அறுவைச் சிகிச்சைக் கூடங்கள், சி.டி. ஸ்கேன் எல்லாம் உண்டு. கரை சிதைந்து கிடக்கும்போது அத்தனையும் சிதையாமல் கடலில் மிதந்து நிற்கும்.

ஆனால் மலை நாட்டுக்கு அந்த உதவி வந்து சேர்வதில் இயற்பியல் குறுக்கே நிற்கிறது. கடல் மட்டத்தைவிட 1,900 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 17 சதவீதம் குறைவு. சுழலி தள்ளுவதற்குக் காற்றே குறைந்துவிடுவதால், கொழும்பில் தூக்கிய எடையை நுவரெலியாவில் தூக்க முடியாது. சேத்தக்கில் ஓட்டுநரையும் சேர்த்து ஏழு பேர்தான். அதிலும் இரண்டு மூன்று பேரைக் குறைத்தால் மீட்பு எவ்வளவு மெதுவாகும் என்று பாருங்கள். புயலோடு வருகிற மூட்டம் பள்ளத்தாக்குகளை மூடிவிடும். மலைச்சரிவு ராடாருக்கும் கண்ணுக்கும் ஒரே மாதிரி மறைப்பு. இறங்குவதற்குச் சமதளம் என்று தோட்டத்தில் இருப்பது பாடசாலை மைதானம், தொழிற்சாலை முற்றம், கோயில் முன்றில் ஆகியவைதான். அவற்றின் குறுக்கே மின்கம்பியும் தொலைபேசிக் கம்பியும் போகும். ஹெலிகாப்டர் ஓட்டிகள் காற்றைவிட அதிகம் அஞ்சுவது மேலிருந்து கண்ணுக்குத் தெரியாத அந்தக் கம்பிகளுக்குத்தான். ஒவ்வொரு தோட்டத்திலும் அப்படிப்பட்ட ஒரு மைதானத்தை மழையில்லாத மாதத்திலேயே அளந்து, சரிவு எவ்வளவு, கம்பி எந்தப் பக்கம், கடல் மட்டத்திலிருந்து உயரம் எவ்வளவு என்று வரைபடத்தில் குறித்து, மாவட்டச் செயலகத்திலும் விமானப்படையிடமும் ஒவ்வொரு பிரதி வைத்திருப்பதற்கு விமானந்தாங்கி தேவையில்லை. ஓர் அளவு நாடாவும், தோட்டத்தை நன்கு தெரிந்த இரண்டு பேரும் போதும்.